ஆறு ஏக்கருக்குப் பரவிய தண்ணீர்: ஜான் விட்சோவின் வேளாண்மையும் வாக்குறுதியும்

அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில், லோகன் நகரை ஒட்டிய கிரீன்வில் சோதனைப் பண்ணையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஒரு கணக்கு நடந்தது. மலையிலிருந்து இறங்கும் வாய்க்கால் நீரை அளந்து பாத்தி பாத்தியாகப் பாய்ச்சினார்கள். எந்தப் பாத்திக்கு எத்தனை அங்குலம் நீர், எத்தனை புஷல் கோதுமை என்று ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்தார்கள். கிடைத்த விடை இது. ஓர் ஏக்கருக்கு 30 அங்குல நீரையும் கொட்டினால் 47 புஷல் அளவுக்குக் கோதுமை விளையும். அதே நீரை இரண்டு ஏக்கருக்குப் பங்கிட்டால் 91 புஷல். மூன்று ஏக்கருக்கு 130. ஐந்தைந்து அங்குலமாக ஆறு ஏக்கருக்கும் பரப்பினால் 226.

வாய்க்கால் தலைமாட்டில் நிலம் வைத்திருந்தவருக்கு இந்தக் கணக்கு கசந்திருக்கும். நீர் உரிமை கையில் இருக்கும்போது மடையைத் திறந்துவிடுவதுதான் உழவரின் வழக்கம். கூடுதல் நீர் கூடுதல் விளைச்சலைத் தரும் என்பது பொய்யும் அல்ல. ஒவ்வோர் அங்குலம் கூடும்போதும் அது தரும் பலன் சுருங்கிக்கொண்டே போகிறது என்பதைத்தான் எண்ணால் காட்ட வேண்டியிருந்தது. வறண்ட நாட்டில் நிலம் ஏராளம், நீர்தான் அரிது. எனவே ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்பதை விட்டு, ஒரு பங்கு நீருக்கு எவ்வளவு என்று கேளுங்கள் என்றார், அந்தச் சோதனைகளை நடத்திய ஜான் ஆண்ட்ரியாஸ் விட்சோ. வேதியியலாளர், இரண்டு உயர்கல்வி நிறுவனங்களின் தலைவர், கடைசியில் மார்மன் சபையின் அப்போஸ்தலர்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரு அணி. சபையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அறிவியலையும் விசுவாசத்தையும் இணைத்த மேதை என்கிறார்கள். அமெரிக்க மேற்கின் சூழல் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு, புழுதிப் புயலில் போய் முடிந்த மானாவாரி வேளாண் இயக்கத்தின் முன்வரிசைப் பேச்சாளர்களில் அவரும் ஒருவர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. எனக்குத் தோன்றுவது, அவருக்குள் இரண்டு பழக்கங்கள் கூடவே வாழ்ந்தன: அளப்பது, வாக்களிப்பது. அளந்த இடங்களில் அவர் சொன்னது இன்றும் நிற்கிறது. வாக்களித்த இடங்களில் நிலைமை வேறு.

விட்சோ பிறந்தது 1872 ஜனவரி 31இல், நார்வேயின் ஃப்ரோயா தீவில். கடல் சூழ்ந்த, மழைக்குப் பஞ்சமில்லாத ஊரில் பிறந்தவர் வறண்ட நிலத்தின் விஞ்ஞானியானது விதியின் குறும்பு. பள்ளி ஆசிரியரான தந்தை 1878இல் இறந்துவிட, தாய் ஆனா இரண்டு பையன்களோடு திரோண்ட்ஹைம் நகரில் குடியேறினார். அங்கே மகனின் காலணிகளுக்கு அடித்தோல் மாற்ற ஒருவரிடம் கொடுத்தார். காலணி தைப்பவர் மார்மன். திரும்பி வந்த காலணிகளுக்குள் சபையின் துண்டறிக்கைகள் செருகப்பட்டிருந்தன. லூத்தரன் மரபில் ஊறிய ஆனா எளிதில் மசியவில்லை. படித்தார், வாதிட்டார், மீண்டும் படித்தார். 1881 ஏப்ரலில் குளிர்ந்த கடற்கழியில் ஞானஸ்நானம் பெற்றார். 1883இல் குடும்பம் உட்டாவுக்குக் கப்பலேறியது. லோகனில் துணி தைத்து இரண்டு பிள்ளைகளையும் படிக்கவைத்த அந்தத் தாயின் வரலாற்றை மகனே பின்னாளில் ஒரு நூலாக எழுதினார்.

லோகனில் இருந்த பிரிகாம் யங் கல்லூரியில் படிப்பை முடித்து, 1891இல் ஹார்வர்டுக்குப் போய், 1894இல் வேதியியலில் மிக உயர்ந்த தகுதியோடு பட்டம் பெற்றார். லோகனின் வேளாண் கல்லூரியில் வேதியியல் வேலை கிடைத்தது. 1898இல் லியா டன்ஃபோர்டை மணந்து, மணமான கையோடு ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டார். சர்க்கரைகளின் வேதியியலில் அந்நாளின் பெரிய பெயரான பெர்ன்ஹார்ட் டோலன்ஸ்தான் ஆசிரியர். தாவரப் பிசினிலிருந்து சர்க்கரைகளைப் பிரித்தறியும் நுணுக்கமான வேலை. 1899இல் முனைவர் பட்டம். ஆய்வகத்திலேயே தங்கியிருந்தால் நல்ல கரிம வேதியியலாளராகப் பெயர் பெற்றிருப்பார். ஆனால் 1900இல் உட்டா வேளாண் சோதனை நிலையத்தின் இயக்குநர் பதவி வந்தது. குடுவையை வைத்துவிட்டு வாய்க்காலுக்கு வந்தார்.

நீர்ப்பாசனம் உட்டாவின் பெருமை. 1847இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் இறங்கியதுமே மார்மன்கள் ஓடையை மறித்து நிலத்தை நனைத்துத்தான் முதல் ஏரைப் பூட்டினார்கள். ஆனால் வாய்க்கால் எட்டாத மேட்டுநிலம் அதைவிடப் பல மடங்கு கிடந்தது. அதில் சேஜ் புதர் மண்டியிருந்தது. 1860களில் பேர் ஆற்றுப் பக்கம் குடியேறிய ஸ்காண்டினேவியர்களுக்குப் பாசனத்துக்குக் கிடைத்த நீர் உவர்ப்பாக இருந்தது. வேறு வழியின்றிப் புதரை வெட்டி, உழுது, மழையை மட்டும் நம்பிக் கோதுமை விதைத்தார்கள், விளைந்தது. விட்சோ தன் நூல்களில் உட்டாவின் மானாவாரி வேளாண்மைக்குச் சொல்லும் தொடக்கக் கதை இதுதான். அவர் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதே ஆற்றின் கரையில், மேலே, 1863 ஜனவரியில் அமெரிக்கப் படை ஷோஷோனி மக்களின் குளிர்கால முகாமைச் சூழ்ந்து நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. காலி நிலம் என்று வேளாண் அறிக்கைகள் எழுதிய பள்ளத்தாக்குகள் காலியானது எப்படி என்பதை அந்த அறிக்கைகள் எழுதவில்லை.

1903இல் மாநிலச் சட்டமன்றம் பணம் ஒதுக்க, வெவ்வேறு மாவட்டங்களில் ஆறு மானாவாரிச் சோதனைப் பண்ணைகள் எழுந்தன. விட்சோவும் அவருடைய உடன்பணியாளர் லூயிஸ் மெரிலும் அவற்றை நடத்தினார்கள். அந்த அனுபவம் 1911இல் மாக்மில்லன் வெளியிட்ட ‘டிரை ஃபார்மிங்’ என்ற நூலாயிற்று. ஆண்டுக்கு 20 அங்குலமோ அதற்கும் குறைவோ மழை பெய்யும் நிலத்தில், பாசனமின்றி, லாபகரமாகப் பயிர் செய்வதே அவர் வகுத்த எல்லை. நம் கணக்கில் 50 சென்டிமீட்டர். முறையும் தெளிவானது. ஆழ உழு. ஓராண்டு விட்டு ஓராண்டு நிலத்தைத் தரிசாகப் போடு. தரிசு ஆண்டின் மழையை மண்ணுக்குள் சேமி. மேல்மண்ணைப் புழுதியாக வைத்திரு. அது போர்வைபோல் ஈரத்தைக் காக்கும். களையை விடாதே. நெருக்கி விதைக்காதே.

இதற்கு அடியில் இருந்ததும் ஓர் அளவுதான். உட்டாவின் நிலைமையில் ஒரு பவுண்டு உலர்ந்த பயிர்ப்பொருள் உருவாகச் சுமார் 750 பவுண்டு நீர் தேவை என்று அவர் கணித்தார். அந்தக் கணக்கின்படி, ஓர் ஏக்கரில் பெய்யும் ஓர் அங்குல மழை சிந்தாமல் பயிருக்குச் சேர்ந்தால் ஏறத்தாழ இரண்டரை புஷல் கோதுமை. அப்படியானால் பத்து அங்குல மழைகூட 25 புஷலுக்குப் போதும். எண்ணில் தவறில்லை. ‘சிந்தாமல் சேர்ந்தால்’ என்ற நிபந்தனையில்தான் எல்லாம் தொங்குகிறது. தரிசு நிலத்தில் பெய்த மழையில் சிறு பங்கே அடுத்த பயிருக்கு மிஞ்சுகிறது என்பது பிற்கால ஆய்வுகளின் முடிவு. நீர்த் தேவையும் மாறாத எண் அல்ல, பயிருக்கும் வானிலைக்கும் ஏற்ப மாறும் என்பதைக் கொலராடோவின் ஆக்ரனில் பிரிக்ஸ், ஷாண்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1910களில் விரிவாகக் காட்டினார்கள்.

புழுதிப் போர்வையின் கதை இன்னும் சுவையானது. மண்ணின் நுண்துளைகள் வழியே ஈரம் மேலேறி ஆவியாகிறது, மேல்மண்ணைக் கிளறினால் அந்தத் துளைகள் அறுபடும் என்பது அன்றைய மண்ணியலின் பொதுக் கருத்து. விட்சோவின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. வறண்ட நாட்டில் மேல்மண் தானாகவே விரைவில் காய்ந்து தடுப்பாகிவிடுகிறது, கிளறுவதன் உண்மையான பலன் களை ஒழிவதுதான் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் ஆயிரக்கணக்கான உழவர்கள் தங்கள் நிலத்தை மாவாக்கிவிட்டிருந்தார்கள்.

உட்டாவில் இதனால் பெருங்கேடு நேரவில்லை. அங்கே மழையும் பனியும் பெரும்பாலும் குளிர்காலத்தில் வருகின்றன; ஆவியாகாமல் ஆழ இறங்குகின்றன. பள்ளத்தாக்குகளில் ஆழமான வண்டல் மண். குளிர்காலக் கோதுமைக்கு இதைவிட இசைந்த இடம் அரிது. மண்ணுக்கும் மழைக்கும் விட்சோ தன் நூலில் தனித்தனி அத்தியாயங்களே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் அவர் பேச்சு அவருடைய அத்தியாயங்களைவிட வேகமாகப் பயணித்தது. 1907இல் டென்வரில் தொடங்கிய மானாவாரி வேளாண் மாநாடு ஆண்டுதோறும் வளர்ந்தது. அங்கே விஞ்ஞானிகளும் வந்தார்கள், நிலத் தரகர்களும் வந்தார்கள், ரயில் கம்பெனிக்காரர்களும் வந்தார்கள். 1912இல் கனடாவின் லெத்பிரிட்ஜில் கூடிய மாநாட்டுக்கு விட்சோவே தலைவர். தெற்கு டகோட்டாவிலிருந்து கிளம்பிய ஹார்டி கேம்பெல் என்பவர் தன் பெயரிலேயே ஒரு முறையை விற்றுக்கொண்டிருந்தார். கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் ஜேம்ஸ் ஹில்லுக்கு இருப்புப்பாதை நெடுகக் குடியானவர்கள் தேவைப்பட்டார்கள். 1909இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டமியற்றி, வறண்ட மாநிலங்களில் ஒரு குடும்பத்துக்கு 320 ஏக்கர் வரை கொடுத்தது.

மொன்டானாவின் சமவெளிக்குக் கூட்டம் திரண்டது. 1916 வரை வானமும் கைகொடுத்தது; 1917இல் கைவிட்டது. பல ஆண்டு வறட்சியில் குடியேறியவர்களில் பெரும்பகுதியினர் நிலத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள், வங்கிகள் மூடப்பட்டன. தெற்குச் சமவெளியில் இதே நாடகம் 1930களில் பெரும் புழுதிப் புயலாக அரங்கேறியது. வடக்குச் சமவெளியின் மானாவாரி இயக்கத்தை ஆராய்ந்த மேரி ஹார்கிரீவ்ஸ், அதில் அறிவியலும் விளம்பரமும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்று விரிவாக எழுதியிருக்கிறார். வரலாற்றாசிரியர் டொனால்ட் வோர்ஸ்டரோ தெற்கின் அழிவுக்கு முதலாளியப் பண்பாட்டையே குற்றம் சாட்டினார். வோர்ஸ்டரின் தீர்ப்பு வலிமையானது என்றாலும், அதில் சோதனை நிலையங்களுக்குக் கிடைக்க வேண்டிய பங்கு குறைவாகவே வந்து சேர்கிறது. தரகர் சொன்னதை மட்டும் நம்பி யாரும் மூட்டை கட்டவில்லை. முனைவர் பட்டம் பெற்ற கல்லூரித் தலைவரும் முடியும் என்று சொன்னார்.

இதற்குச் சான்றாக உட்டாவிலேயே ஓர் ஊர் இருக்கிறது. பிரைஸ் கேன்யனுக்கு அருகே, ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில், ஜான்ஸ் பள்ளத்தாக்கில் மானாவாரியை நம்பி 1910களில் எழுந்த அந்த ஊருக்கு விட்சோ என்றே பெயர் வைத்தார்கள். 1920 வாக்கில் ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். பிறகு வறட்சி வந்தது. அந்த உயரத்தின் உறைபனியும் சேர்ந்துகொண்டது. 1936இல் கூட்டாட்சி அரசின் மறுகுடியமர்த்தல் துறை எஞ்சிய குடும்பங்களின் நிலத்தை வாங்கிக்கொண்டு அவர்களை வேறிடங்களுக்கு அனுப்பியது. புகைப்படக் கலைஞர் டோரதியா லாங்கே அந்த ஆண்டு அங்கே போய் எடுத்த படங்கள் இருக்கின்றன. இன்று அது ஆளில்லா ஊர். தலைவரைப் பாராட்டி அவர் பெயரைச் சூட்டும் பழக்கத்தில் உள்ள ஆபத்து, ஊர் அவருடைய கருத்துக்குச் சாட்சியாகிவிடுவதுதான்.

இத்தனை கவனமாக அளந்தவர் எங்கே வழுக்கினார்? சில நல்ல ஆண்டுகளின் அளவைச் சராசரி என்று எடுத்துக்கொண்ட இடத்தில் என்பேன். அது அவர் ஒருவருடைய பிழை அல்ல, அந்தத் தலைமுறையின் பிழை. 1922 செப்டம்பரில் விட்சோ கொலராடோ ஆற்றில் ஒரு குழுவோடு படகுப் பயணம் போய், நாட்குறிப்பும் எழுதினார். அது பின்னர் அச்சாகியிருக்கிறது. இரண்டே மாதத்தில், நவம்பர் 24இல், ஏழு மாநிலங்கள் சாண்டா ஃபே நகரில் ஆற்றைப் பங்கிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மேல்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, கீழ்ப்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர் அடி. ஆற்றின் வரத்தை மதிப்பிட்ட ஆண்டுகள் வழக்கத்துக்கு மாறாக ஈரமானவை என்று பிறகு தெரியவந்தது. 1976இல் ஸ்டாக்டனும் ஜேக்கபியும் மரவளையங்களைக் கொண்டு கணித்த நீண்டகாலச் சராசரி மொத்தமே 135 லட்சம்தான். 1922 ஒப்பந்தத்துக்கான மதிப்பீட்டைச் செய்தவர் விட்சோ அல்லர். ஆனால் மொன்டானாவின் கோதுமைக்கும் கொலராடோவின் ஒப்பந்தத்துக்கும் அடியில் இருந்தது ஒரே வகைப் பிழை.

கல்வி நிர்வாகியாக அவர் சந்தித்த சண்டைகள் வேளாண்மையை விடக் கரடுமுரடானவை. லோகன் கல்லூரித் தலைவர் வில்லியம் கெர் பொறியியல் முதலான துறைகளைப் பெருக்க விரும்பினார். வேளாண்மையே கல்லூரியின் மையம் என்ற தரப்பில் நின்ற விட்சோவை 1905இல் நிர்வாகக் குழு வேலையிலிருந்து நீக்கியது. புரோவோவில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகம் வரவேற்றது; அங்கே வேளாண் துறையைத் தொடங்கினார். 1907இல் கெர் ஓரிகனுக்குப் போய்விட, துரத்தப்பட்டவரே லோகனுக்குத் தலைவராகத் திரும்பினார். ஒன்பது ஆண்டுகள் இருந்தார். உழவர் வீட்டுக்கே கல்லூரி போக வேண்டும் என்று விரிவாக்கப் பணியைக் கட்டியமைத்தது அந்தக் காலத்தின் உருப்படியான சாதனை.

சால்ட் லேக் நகரில் அவரை எதிர்கொண்டது வேறு வகை நெருப்பு. உட்டா பல்கலைக்கழகத் தலைவர் ஜோசப் கிங்ஸ்பரி 1915இல் நான்கு ஆசிரியர்களை நீக்கினார். ஆங்கிலத் துறையின் மூத்த தலைவரைக் கீழிறக்கினார். எதிர்ப்பாகப் பத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் விலகினார்கள். அந்த ஆண்டுதான் பிறந்திருந்த அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் நடத்திய முதல் விசாரணை இதுவே. சங்கத்தின் சார்பில் ஆர்தர் லவ்ஜாய் நேரில் வந்தார். கீழிறக்கப்பட்டவரின் நாற்காலிக்கு வந்தவர் யார் என்றால், மார்மன் சபை உயர்நிலைப் பள்ளியின் தலைவராக இருந்த ஆஸ்போர்ன் விட்சோ, ஜானின் தம்பி. 1916இல் கிங்ஸ்பரி போக, அண்ணன் பல்கலைக்கழகத் தலைவரானார். சபையின் கை உள்ளே நீள்கிறது என்று அஞ்சியவர்களுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆனாலும் ஐந்தாண்டுகள் பெரிய வெடிப்பின்றிக் கழிந்தன. 1921 மார்ச்சில் பன்னிரு அப்போஸ்தலர் குழுவுக்கு அழைப்பு வந்தது; பதவியை விட்டுவிட்டு வாழ்நாள் முழுவதும் சபைப் பணிக்குப் போனார்.

சமய எழுத்திலும் அதே இரட்டைக் குணம் தெரிகிறது. 1908இல் வெளிவந்த ‘ஜோசப் ஸ்மித் விஞ்ஞானியாக’ என்ற நூலில், சபை நிறுவனரின் போதனைகள் நவீன அறிவியலோடு ஒத்துப்போகின்றன என்று காட்ட முயன்றார். பிரபஞ்சம் முழுவதும் நிறைந்திருப்பதாக அன்று இயற்பியல் கருதிய ஈதரைப் பரிசுத்த ஆவியோடு ஒப்பிட்டார். ஈதரைத் தேவையற்றதாக்கிய ஐன்ஸ்டீனின் கட்டுரை வெளியாகி அப்போது மூன்றாண்டு ஆகியிருந்தது. ஈதர் விரைவில் அறிவியலை விட்டே வெளியேறியது. இறையியலை நடப்பு இயற்பியலில் கட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல பாடம். ஆனால் அவர் காலத்துச் சூழலையும் பார்க்க வேண்டும். பரிணாமத்தைக் கற்பித்த சர்ச்சையில் 1911இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேராசிரியர்கள் வெளியேற நேர்ந்தது. அந்தச் சபைக்குள் இருந்துகொண்டு பூமி மிகப் பழையது, படைப்பின் ஆறு நாட்களை எழுத்துப்படி கொள்ள வேண்டியதில்லை என்று எழுதியதற்குத் துணிச்சல் தேவைப்பட்டது. மனிதனின் தோற்றம் பற்றி மட்டும் எச்சரிக்கையாகவே பேசினார்.

லியாவை ‘மனைவி’ என்ற ஒரு சொல்லோடு கடந்துபோவது அநீதி. பிரிகாம் யங்கின் பேத்தி, எழுத்தாளர் சூசா யங் கேட்ஸின் மகள், மனையியல் கல்வியில் பயிற்சி பெற்றவர். 1937இல் கணவனும் மனைவியும் சேர்ந்து சபையின் உணவு நெறிக்கு எழுதிய விளக்க நூல், தீட்டிய மாவையும் வெள்ளைச் சர்க்கரையையும் கடுமையாக எதிர்த்தது. அந்த அளவுக்குப் போகச் சபை தயாராக இல்லை.

விட்சோவின் முதிர்ந்த வேலை எதுவென்று கேட்டால், நூல்களை விட்டு 1923-24இன் ஓர் அரசுக் குழுவைக் காட்டுவேன். 1902ஆம் ஆண்டுப் பாசனச் சட்டத்தின்படி கூட்டாட்சி அரசு அணைகளையும் வாய்க்கால்களையும் கட்டியது. குடியேறியவர்கள் பத்தாண்டில் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். கட்ட முடியவில்லை. 1914இல் தவணை இருபதாண்டாயிற்று, அப்போதும் முடியவில்லை. உள்துறைச் செயலாளர் ஹ்யூபர்ட் வொர்க் நியமித்த உண்மையறியும் குழுவில் எல்வுட் மீட், முன்னாள் அமைச்சர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் போன்றோருடன் விட்சோவும் உட்கார்ந்தார். அணையின் உயரத்தைப் பார்த்தீர்களே தவிர மண்ணைப் பார்த்தீர்களா, அந்த மண்ணில் ஒரு குடும்பம் பிழைக்குமா என்று பார்த்தீர்களா என்பதே குழுவின் அறிக்கை எழுப்பிய கேள்வி. திட்டம் தொடங்கும் முன்பே நிலத்தைத் தரம் பிரிக்க வேண்டும். வருபவரின் அனுபவத்தையும் கைமுதலையும் பார்க்க வேண்டும். வாக்கு கொடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். 1911இன் விட்சோவுக்கு 1924இன் விட்சோ எழுதிய மறுப்புரையாகவே அதை வாசிக்கலாம்.

அறிக்கையின் பேரில் 1924 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. நிலத்தின் சராசரி மொத்த வருமானத்தில் ஆண்டுக்கு 5 சதவீதம் கட்டினால் போதும் என்றது அதன் ஒரு பிரிவு. நல்ல மண்ணுக்குக் கூடுதல், மோசமான மண்ணுக்குக் குறைவு. எப்போது கடன் தீரும் என்று யாராலும் சொல்ல முடியாத அந்த ஏற்பாடு கருவூலக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. 1926இல் காங்கிரஸ் அதை நீக்கிவிட்டு, 40 ஆண்டுத் தவணையைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு விட்சோ சபையின் ஐரோப்பியப் பணிக்குத் தலைவராக லிவர்பூல் புறப்பட்டார். பாசனக் குடியேற்றங்கள் எதனால் தேறுகின்றன, எதனால் நொடிக்கின்றன என்பது பற்றிய அவருடைய நூல் 1928இல் அச்சாகி வந்தபோது அவர் அங்கேதான் இருந்தார்.